வேலியோர ராஸ்பெர்ரியைத் தோண்டாமல் இருக்க ஒரு விண்ணப்பம்

ஹல்லாவாரா
ஆகஸ்ட் ஆறு, செவ்வாய் மதியம்

வாசகர் பக்க ஆசிரியை ஐலா கெம்பைனன் அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கோடை உங்களுக்கு வெயில் போதுமான அளவும் கொசு குறைந்த அளவுமாகக் கழிந்துகொண்டிருக்கும் என்று நம்புகிறேன். நாம் பதினோரு வருடமாக ஒரே தெருவில் இருக்கிறோம். நீங்கள் சரிவின் கீழே கடைசி வீடு, நான் மேலே. கூட்டுறவுக் கடையில் பால் அலமாரிக்கு முன்னால் நான்கு தடவை ஒருவருக்கொருவர் தலையசைத்திருக்கிறோம். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ரீக்கா நெவலைனன். வயது நாற்பத்தாறு. நகராட்சியில் நில அளவையர். இந்தப் பெயரில் உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்காது. "சும்மா கேட்கிறேன்" என்று சொன்னால் தெரியும். ஆமாம், அது நான்தான். உங்கள் பக்கத்துக் குறுஞ்செய்திப் பத்தியில் செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாளும் ஊர் தன் மனத்தில் இருப்பதைக் கொட்டித் தீர்க்கும்போது, அந்தப் புனைபெயரில் நானும் கொட்டியிருக்கிறேன். ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து சொந்தப் பெயர் போடாத எதுவும் அச்சாகாது என்று உங்கள் நிர்வாகம் அறிவித்ததும் ஊரில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லாமல் போய்விட்டது. போன சனிக்கிழமை அந்த இடத்தில் நீங்கள் ஒரு பெரிய காளான் படம் போட்டிருந்ததைப் பார்த்தேன். நல்ல காளான். ஆனாலும் மனது கஷ்டமாக இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதம் நாளை மறுநாள், வியாழக்கிழமைப் பேப்பரில் கட்டாயம் வர வேண்டும். ஏனென்றால் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டுக்குப் பொக்லைன் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் ரெய்யோ தூரூனன், எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலியை ஒட்டி வளர்ந்திருக்கும் ராஸ்பெர்ரி வரிசையை வேரோடு தோண்டி எடுக்கப்போகிறார். அதில் இப்போது பழம் கனிந்து தொங்குகிறது. தோண்டச் சொன்னது நான்தான். சொன்னது உங்கள் பத்தி வழியாக என்பதால் திரும்பப் பெறுவதும் உங்கள் பத்தி வழியாகத்தான் முடியும். குறுஞ்செய்தியின் நூற்றறுபது எழுத்துக்குள் இது அடங்கவில்லை. மூன்று தடவை முயற்சி செய்து பார்த்தேன். "தோண்ட வேண்டாம்" என்று மட்டும் போட்டால், ஊரில் சாலைக்காகத் தோண்டிக்கொண்டிருப்பவர்கள் தங்களைச் சொல்வதாக நினைத்து வேலையை நிறுத்திவிடுவார்கள். எனவே முழுக் கதையும் எழுதுகிறேன். எந்த இடங்களை அச்சில் நீக்க வேண்டும் என்று அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

பத்து வருடத்துக்கு முன்னால் தெற்கே தூர்க்குவில் இருக்கும் என் அக்கா மெர்வி தொலைபேசியில் சொன்னாள், "ஏன்டி, வருஷா வருஷம் உருளைக்கிழங்கையே நட்டுக்கிட்டு இருக்கியே, ராஸ்பெர்ரி போடேன். இலையுதிர் காலத்துல காய்க்கிற ரகம் ஒண்ணு இருக்கு. அக்டோபர் வரைக்கும் கிண்ணம் கிண்ணமாப் பறிக்கிறேன். குளிர்காலம் வந்தா எல்லாத் தண்டையும் தரையோட வெட்டிடு, அவ்வளவுதான் வேலை." அவள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. தூர்க்குவில் அக்டோபர் என்று ஒரு மாதம் இருக்கிறது. இங்கே இருப்பது வேறு. உறைபனியின் பெயரையே ஊருக்கு வைத்திருக்கும் இடத்தில் குடியிருந்துகொண்டு, பட்டியலில் படம் அழகாக இருந்தது என்பதற்காகப் பன்னிரண்டு கன்று வரவழைத்தேன். ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி எல்லாக் கொத்திலும் பச்சைக் காய். இருபத்தொன்பதாம் தேதி காலையில் எல்லாம் கண்ணாடி. மத்தியானம் எல்லாம் வேகவைத்த கீரை மாதிரி தொங்கியது. மறு வருடமும் அதே கதை, ஒரு நாள் முன்னதாக. நான் பிடிவாதக்காரி என்பதைவிட, ஒரு தவறை இரண்டு தடவை அளந்து பார்த்தால்தான் நம்புகிறவள் என்று சொல்லலாம். அது தொழில் பழக்கம்.

பிறகு நாற்றுப் பண்ணைக்கே நேரில் போய், வடக்குக்கு ஏற்றது எது என்று கேட்டேன். அங்கே இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எந்த ஊரு?" என்றாள். சொன்னேன். "ஐயய்யோ," என்றாள். கொஞ்சம் யோசித்து, "ஒட்டாவா எடுத்துக்கங்க. பழம் பெரிசா இருக்காது. ஆனா செத்துப்போகத் தெரியாத ரகம்," என்றாள். எட்டுக் கன்று வாங்கி வந்து, சவுனா என்கிற நீராவிக் குளியலறைக்குப் போகும் நடைபாதை ஓரமாகப் பாத்தி எடுத்து, தொழு உரம் போட்டு, புல்லால் மூடாக்குப் போட்டு, இரண்டு கம்பம் நட்டுக் கம்பி கட்டி, எல்லாம் முறைப்படி செய்தேன். நட்ட இடைவெளி அறுபது சென்டிமீட்டர், பிசகு இல்லை. நன்றாக வளர்ந்தது. இலையுதிர் காலத்தில் அக்கா சொன்னபடி எல்லாத் தண்டையும் தரையோடு வெட்டினேன். அடுத்த கோடையில் ஆள் உயரத்துக்குத் தண்டும் இலையும், ஒரு பூ இல்லை. திரும்ப வெட்டினேன். திரும்ப இலை. மூன்று கோடை இப்படிப் போனது. இந்த ரகம் முதல் வருடம் வளர்ந்து, பனிக்கடியில் ஒரு குளிர்காலம் தூங்கி எழுந்து, இரண்டாம் வருடம்தான் காய்க்கும் என்பதும், நான் ஒவ்வொரு அக்டோபரிலும் அடுத்த வருடப் பழத்தைத்தான் வெட்டிச் சுமந்துபோய்க் கொட்டுகிறேன் என்பதும் எனக்குத் தெரியாது. படித்தவள், பட்டம் வாங்கியவள், ஒரு செடிக்குப் போன வருடம் என்று ஒன்று இருக்கக்கூடும் என்று தோன்றவில்லை. (இந்தப் பத்தியை நீக்கிவிடவும். அலுவலகத்தில் படிப்பார்கள்.)

எனக்குத் தோன்றியதெல்லாம் நிழல். ரெய்யோவின் பக்கம் வேலியோரமாக நாலு பெரிய ஊசியிலை மரங்கள் நின்றன. வெயில் போதவில்லை, அதனால்தான் பூக்கவில்லை என்று முடிவு கட்டினேன். ரெய்யோவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: முப்பத்தாறு வருடம் நெடுஞ்சாலையில் பனி வாரும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர், அறுபத்தேழு வயது, ஜூலையிலும் கம்பளித் தொப்பி. எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவில் பன்னிரண்டரை மீட்டர். நானே அளந்தது. நல்ல மனிதர். அவர் வெளியே வந்தால் நான் உள்ளே காத்திருப்பேன். நான் வெளியே வந்தால் அவர் உள்ளே காத்திருப்பார். இருவரும் தவறிப்போய் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் தலையசைத்துக்கொண்டு அவரவர் வண்டியில் எதையோ தேடுவோம். பதினோரு வருடத்தில் ஒரு மனத்தாங்கல் இல்லை. அப்படிப்பட்டவரிடம் போய் "உங்கள் மரத்தை வெட்டுங்கள்" என்று முகத்துக்கு நேராகச் சொல்ல முடியுமா? எனவே நாகரிகமாகப் பேப்பருக்கு எழுதினேன். "பெரிய மரம் வளர்ப்பவர்கள், பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்கும் சூரியன் தேவை என்று நினைப்பதுண்டா? — சும்மா கேட்கிறேன்." இரண்டு நாள் கழித்து அதே பத்தியில் பதில் வந்திருந்தது, ரெய்யோவேதான் என்று புரிந்துகொண்டேன். "வெளிச்சம் வேண்டுபவர்களுக்கு வெளிச்சம் கிடைக்கும். — பொறுமைசாலி." பதினோராவது நாள் ரம்பச் சத்தம். நாலு மரமும் சாய்ந்தன. ஒரு சொல் இல்லை. தலையசைப்பு மட்டும்.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நிம்மதியாகவும் இருந்தது. அந்த வருடம்தான் நான் ஒரு புத்தகம் எடுத்துப் படித்து, கடைசியில் புத்தி வந்து, தண்டுகளை வெட்டாமல் விட்டேன். அந்தக் குளிர்காலம் பார்த்து மார்ச் மாதத்தில் நல்ல வெயிலும் வடக்கிலிருந்து ஊசிக் காற்றும் சேர்ந்து அடித்தது. தடுக்க மரம் இல்லை. பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்ததெல்லாம் காய்ந்து விறகாயிற்று. பனிக்குக் கீழே இருந்ததை வயல் எலி மோதிரம் போட்ட மாதிரி சுற்றிச் சுற்றிப் பட்டையைக் கடித்துத் தின்றிருந்தது. மே மாதம் எட்டுக் குச்சிகளைப் பிடுங்கிப்போட்டுவிட்டுப் பாத்தியில் உருளைக்கிழங்கு நட்டேன். மெர்வியைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பை நான் இங்கே எழுதப்போவதில்லை.

இதற்கு மறு வருடம்தான் வேலியோரத்தில் அது தலைகாட்டியது. முதலில் இரண்டு தண்டு, பிறகு ஏழு, பிறகு ஒரு வரிசை. எல்லைக்கல்லுக்கு அந்தப்புறம் பாதி, இந்தப்புறம் பாதி. யாரும் நீரூற்றுவதில்லை, உரம் போடுவதில்லை. ஆனால் காய்த்து முடிந்த பழைய தண்டுகளை யாரோ ஒழுங்காக வெட்டி எடுத்துவிட்டு, புதிய தண்டுகளை வெள்ளை நாடாவால் வேலிக் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். ரெய்யோவுக்கு ஓய்வுக்காலம், செய்கிறார் என்று நினைத்தேன். என் பாத்தியில் அத்தனை சீராட்டியும் செத்துப்போனது, அவர் வேலியில் யாரும் கேட்காமலே சிவக்கச் சிவக்கக் காய்த்ததைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே காப்பி குடிப்பது எப்படிப்பட்ட அனுபவம் என்று நான் விவரிக்க வேண்டாம். ஒரு நாள் காலை ஐந்து மணிக்கு, வெயில் வந்துவிட்டது, தெருவில் ஆள் இல்லை, நான் இரவு உடுப்பும் ரப்பர் காலணியுமாக வேலியோரம் போய் ஒன்றே ஒன்று பறித்து வாயில் போட்டேன். பிறகு ஒரு கிண்ணம் கொண்டுவந்தேன். இது மூன்றாவது கோடை. (இதையும் நீக்கிவிடவும். கட்டாயம்.)

நடுவில் பனி விவகாரம். ரெய்யோ குளிர்காலம் முழுக்கத் தன் முற்றத்துப் பனியைத் தள்ளிக்கொண்டுவந்து வேலியோரம்தான் குவிப்பார். மே மாதம் அது உருகி என் சவுனா நடைபாதையில் ஓடும். இரண்டு வருடம் பொறுத்துவிட்டு எழுதினேன், "தன் பனியை அடுத்தவர் எல்லையில் சேர்த்து வைப்பது எந்த ஊர் வழக்கம்? — சும்மா கேட்கிறேன்." பதில்: "அடுத்த குளிர்காலம் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம். — பொறுமைசாலி." அடுத்த குளிர்காலம் வந்தது. ரெய்யோ ஒரு கரண்டிப் பனிகூட வேலிப்பக்கம் போடவில்லை, எல்லாவற்றையும் கஷ்டப்பட்டு வாசலுக்கு எதிரே கொண்டுபோய்க் கொட்டினார். ஜனவரியில் முப்பத்துநான்கு பாகை உறைகுளிர். மேலே போர்வை இல்லாததால் வேலியோர ராஸ்பெர்ரியில் பாதி, முழங்காலுக்கு மேலே கருகிப்போயிற்று. அந்தப் பனிக்குவியல்தான் அத்தனை வருடமும் அதைக் காப்பாற்றியிருக்கிறது. என் மூன்றாவது கோடையின் பழத்தில் பாதியை நானே பேப்பரில் எழுதிக் கெடுத்துக்கொண்டேன்.

இனி வருவதுதான் அவமானம். இந்த ஜூலையில் ஒரு நாள் காலை நான் கிண்ணத்தோடு குனிந்திருந்தபோது ரெய்யோவின் ஜன்னல் திரை அசைந்த மாதிரி இருந்தது. எல்லை அளக்கிற நெவலைனன் எல்லை தாண்டித் திருடுகிறாள் என்று தெரிந்தால் இந்த நகராட்சியில் ஒருவர் என் அளவை நம்புவாரா? அன்று மாலையே, புகார் கொடுப்பவளை யாரும் திருடி என்று சந்தேகப்பட மாட்டார்கள் என்ற ஒரே காரணத்துக்காக, உங்கள் பத்திக்கு எழுதினேன். "வேலிக்கு அந்தப்பக்கத்திலிருந்து ராஸ்பெர்ரி என் புல்தரைக்குள் புகுந்து பரவுகிறது. உரியவர் வேரோடு அகற்றுவாரா? — சும்மா கேட்கிறேன்." அதற்கு வந்த பதில் மற்ற இரண்டு பதில்களையும்விட என்னைக் கலவரப்படுத்தியது. "பழக்காலம் முடியும்வரை இரண்டு வீட்டாரும் வேலிப்பக்கம் போகாமல் இருப்பது நல்லது. — பொறுமைசாலி." எவ்வளவு குளிர்ந்த வார்த்தை! பார்த்துவிட்டார் என்று புரிந்துகொண்டேன். இரண்டு வாரம் வேலிப்பக்கம் போகவில்லை. (வாரத்தில் இரண்டு நாள் போனேன்.)

போன வெள்ளிக்கிழமை கடையில் புல்லா ரொட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது பொக்லைன் வைத்திருக்கும் ஹன்னு பின்னால் வந்து நின்றார். "என்ன ரீக்கா, அடுத்த வாரம் சனிக்கிழமை நம்ம வண்டி உங்க பக்கத்து வீட்டுக்கு வருது. காலைல சத்தம் போடும், தப்பா எடுத்துக்காதீங்க," என்றார்.

"எதுக்கு?" என்றேன்.

"தோண்டத்தான். பொக்லைன் வேற எதுக்கு வரும், கல்யாணத்துக்கா?"

எடுத்த ரொட்டியைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டேன். சொல்லாமலே செய்பவர் ரெய்யோ. மரத்தைச் சொன்னேன், மரம் போயிற்று. பனியைச் சொன்னேன், பனி போயிற்று. இப்போது ராஸ்பெர்ரி. சரி, அவருடைய செடி, அவர் தோண்டுகிறார், நமக்கென்ன என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு ஆதாரமாவது இருக்கட்டும் என்று மண்வெட்டியும் அளவு நாடாவும் எடுத்துப் போய், என் புல்தரையில் முளைத்திருந்த ஒரு பக்கக் கன்றின் வேரைப் பிடித்துக்கொண்டு அது எங்கிருந்து வருகிறது என்று மண்ணை விலக்கிப் பார்த்தேன். அது ரெய்யோவின் பக்கம் போகவில்லை, அம்மா. அது என் பக்கம் திரும்பி, நடைபாதைக்கு அடியில் நுழைந்து, மூன்று மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் தாண்டி, என் உருளைக்கிழங்குப் பாத்தியில் போய் முடிந்தது. என் எட்டு ஒட்டாவா. செத்துப்போகத் தெரியாத ரகம். மேலே நான் வெட்டியும் காற்று அடித்தும் எலி தின்றும் முடித்ததை, கீழே அது கண்டுகொள்ளாமல், என் கைக்கு எட்டாத இடத்துக்கு நடந்து போயிருக்கிறது.

மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று கோடை திருடித் தின்றது என் சொந்தப் பழத்தை. இப்போது ஒரு நல்ல மனிதர் என் சொல்லுக்கு மரியாதை கொடுத்து, கைக்காசு போட்டு வண்டி வைத்து, என் செடியைத் தோண்டப்போகிறார். இந்தப் பத்து வருடத்தில் நான் நட்டதில் பிழைத்தது இது ஒன்றுதான். நான் தொடாமல் விட்டதால்தான் பிழைத்தது என்பதையும் யோசித்தேன், நெடுநேரம் யோசித்தேன், யோசனை என் மற்ற விவகாரங்களுக்கெல்லாம் பரவியதால் எழுந்து உள்ளே வந்துவிட்டேன்.

மெர்வியைக் கூப்பிட்டேன். "பன்னெண்டு மீட்டர் நடந்து போய், ரெய்யோ, தோண்டாதீங்கன்னு ரெண்டு வார்த்தை சொல்ல உனக்கு என்னடி கேடு?" என்றாள்.

"பன்னெண்டரை," என்றேன்.

"அந்த அரை மீட்டர்தான் உன் பிரச்சனையா?"

"அக்கா, ஒண்ணைச் சொன்னா எல்லாத்தையும் சொல்லணும். மரம், பனி, திருட்டு. பேப்பர்ல எழுதினது நான்தான்னு அவருக்குத் தெரியாது."

"உங்க ஊர்ல அது நாய்க்குக்கூடத் தெரியும்டி!" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். தெற்கே போனவர்களுக்கு நம் பக்கத்து நாசூக்கு மறந்துபோய்விடுகிறது.

ஆகவே ஆசிரியை அவர்களே, நான் நீக்கச் சொன்னவற்றையும், இப்போது யோசித்துப் பார்த்தால் மரம், பனி, அக்கா, ஹன்னு ஆகியவற்றையும் நீக்கிவிட்டு, கீழ்க்காணும் இரண்டு வரியை மட்டும் என் முழுப் பெயரோடு பெரிய எழுத்தில் அச்சிட்டால் போதும்: "வேலியோர ராஸ்பெர்ரி பற்றிய புகாரைத் திரும்பப் பெறுகிறேன். தயவுசெய்து தோண்ட வேண்டாம்." பொறுமைசாலி வியாழக்கிழமை காலையில் படித்துவிடுவார். வெள்ளிக்கிழமை ஹன்னுவுக்குச் சொல்லிவிடுவார். சனிக்கிழமை தலையசைத்துக்கொள்வோம். யாரும் யாரையும் சங்கடப்படுத்தாமல் காரியம் முடிந்துவிடும்.

உங்களுக்கும் வீட்டாருக்கும் அச்சகத்தில் இருப்பவர்களுக்கும், மழைக்கு முன்னால் வைக்கோல் உலர்ந்து, உறைபனிக்கு முன்னால் கிழங்கு வீடு வந்து சேர என் மனமார்ந்த வாழ்த்துகள்.

தங்கள் உண்மையுள்ள,
ரீக்கா நெவலைனன்

பி.கு.: மேலே உள்ள எதையும் அச்சிட வேண்டாம். அந்த இரண்டு வரியும் வேண்டாம். காரணம், மேலே உள்ளதை எழுதி முடித்த பிறகு நடந்தது.

உறையை ஒட்டுவதற்கு முன் வெளியே எட்டிப் பார்த்தேன், ரெய்யோ உள்ளே போய்விட்டிருந்தார். தபால் பெட்டிகள் வரிசையாக நிற்கும் இடத்துக்கு மிதிவண்டியை உருட்டிக்கொண்டு வந்தால், பெட்டிக்குப் பின்னால் குனிந்து காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார். தப்பிக்க வழியில்லை. தலையசைத்தேன். அவரும் அசைத்தார். பிறகு, பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, வாயைத் திறந்தார்.

"பழம் உதிருது, சர்வேயரம்மா. பறிக்கலையா?"

ஒட்டாத உறையிலிருந்து நாலு தாளையும் உருவி அப்படியே அவரிடம் நீட்டிவிட்டேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தபால் பெட்டி மூடியின் மேல் வைத்து, ஒரு வரி விடாமல் படித்தார். இருபது நிமிடம் இருக்கும். நான் மிதிவண்டி மணியைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"நான் பேப்பர் வாங்கறதில்லையே," என்றார் கடைசியில். "எழுத்தைச் சின்னதாக்கினாங்களே, அன்னைக்கே நிறுத்திட்டேன்."

"அப்ப மரம்?"

"உள்ளே அழுகல். வீட்டு மேல விழுந்திருக்கும்."

"பனி?"

"முதுகு போயிடுச்சு. வேலி வரைக்கும் ஏத்தம், வாசல் பக்கம் இறக்கம்."

"பொக்லைன்?"

"சவுனாத் தண்ணிக் குழாய். அந்தப் பக்கம், ஏரி ஓரமா. ராஸ்பெர்ரிய யாரு தோண்டுவா? பைத்தியமா?" என்றவர், கொஞ்சம் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்துகொண்டு, "நானும் தின்னுட்டு இருக்கேன். அஞ்சரைக்கு. உங்களதுன்னு தெரிஞ்சுதான்," என்றார். "அஞ்சு மணிக்கு நீங்க வர்றதைப் பாத்திருக்கேன். செடிக்குச் சொந்தக்காரம்மா பறிச்சு முடிக்கட்டும்னு காத்திருப்பேன்."

"பழைய தண்டெல்லாம் வெட்டிக் கட்டிவெச்சதுக்கு நன்றி, ரெய்யோ."

"நானா? அதை நீங்கதானே செய்யறீங்க?"

இரண்டு பேரும் வேலியோரம் போய்ப் பார்த்தோம். கட்டியிருந்த வெள்ளை நாடாவை ரெய்யோ விரலால் இழுத்துப் பார்த்தார். பத்திரிகைக் கட்டுகளைச் சுற்றி வரும் நாடா அது. அப்புறம் அவர், அடுத்தவர்களை வேவு பார்ப்பது தன் பழக்கமில்லை என்று மூன்று தடவை சொல்லிவிட்டு, விடியற்காலை நாலரைக்குச் சரிவின் கீழிருந்து மழைக்கோட்டும் வாளியுமாக ஒரு அம்மா வருவதைச் சில தடவை பார்க்க நேர்ந்தது என்றும், ஒவ்வொரு தடவையும் நாகரிகமாகத் திரையை இழுத்துவிட்டதாகவும் சொன்னார். நாங்கள் இருவரும் கீழே கடைசி வீட்டின் கூரையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். நாங்கள் பேசிக்கொள்ளாமல் இருப்பதால் யாருக்கு லாபம், வேலிப்பக்கம் போக வேண்டாம் என்று யார் புத்தி சொல்லக்கூடும் என்றெல்லாம் எனக்கு வரிசையாகப் புரிந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அத்தனை தண்டிலும் ஒரு வெட்டு தப்பாக இல்லை. காய்த்தது போயிருக்கிறது, காய்க்கப்போவது நிற்கிறது. எனக்குப் பத்து வருடமாக வராத வேலை அது.

"பனிய இந்த வருஷம் திரும்ப இங்கயே கொட்டறேன்," என்றார் ரெய்யோ. "நீங்க ஒரு பக்கம் தள்ளினா." தள்ளுகிறேன் என்றேன்.

எனவே அச்சிட ஒன்றும் இல்லை; தபாலில் போடாமல் இன்று மாலையே இதை உங்கள் வாசலில் வைத்துவிடுகிறேன். அந்த இடத்தில் இன்னொரு காளான் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நாளை மறுநாள் பெருமழை என்று வானிலையில் சொல்கிறார்கள். நடு வரிசையில் ஒரு வாளிப் பழம் நாளைக்குள் பறித்தாக வேண்டிய பக்குவத்தில் இருக்கிறது, எங்கள் இரண்டு பேர் கிண்ணமும் அதற்குப் போதாது. நாளைக் காலை நானும் ரெய்யோவும் ஏழு மணிக்கு முன்னால் எழுந்திருப்பதாக இல்லை.